பதினோராம் பக்கத்தின் அடியில்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் வீதியில் இருக்கிற அக்குறணையில், மிளகாய்த்தூள் அரைக்கும் ஒரு கொட்டகையில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. புது வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட முடியவில்லை. அந்த வயதில் புது வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். எல்லோரும் நம்மைவிட இளையவர்கள், எல்லோருக்கும் நம்மைவிட அதிகம் தெரியும், சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் இடம் எங்கே என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கும்.

அதற்கு முன் பதினைந்து வருடம் கண்டி நகரத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பாடசாலை மலர், தேர்த் திருவிழா நோட்டீஸ் என்று என் கையால் போகாத தாள் இல்லை. முதலாளி பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கப் போனார், அச்சகத்தை மூடினார்கள். நாலு மாதம் வீட்டில் இருந்து, கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். கடைசியில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மிளகாய், மல்லி, மிளகு அரைக்கும் இயந்திரங்கள் செய்து விற்கும் ஒரு கம்பனி என்னைக் கூப்பிட்டது. தமிழும் சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் தெரிய வேண்டும், பக்கமும் அமைக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். நியமனக் கடிதத்தில் ‘தொழில்நுட்ப எழுத்தாளர்’ என்று போட்டிருந்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம்.

எழுத்தாளர் என்றதும் தெல்தெனியவில் எங்கள் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கதையா கவிதையா என்று விசாரித்தார்கள். மிசினை எப்படிக் கழுவுவது என்று எழுதுகிறேன் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் விடாமல் கிண்டல் செய்தார். சோற்றுப்பானையை எந்தப் பக்கம் பிடித்து இறக்குவது என்று தனக்கும் ஒரு புத்தகம் வேண்டுமாம்.

காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, திகன வரைக்கும் நின்றுகொண்டே வந்து, இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கண்டியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஓட வேண்டும். கம்பனிக் கந்தோரில் என் கதிரையில் போய் உட்காரும்போதே, மற்றவர்கள் சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது இருக்கும் களைப்பு எனக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கும். எங்கள் இஞ்சினியர் சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் சிவப்புப் பேனா வைத்திருந்தார். இயந்திரத்தைப் பயன்படுத்துகிறவருக்காக அவர் சிங்களத்தில் எழுதி முடித்த பாவனையாளர் கையேட்டை நான் தமிழில் எழுத வேண்டும். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் வட்டம் போடுவார். சிங்களத்தில் ஒரு வரியில் முடிவது உங்கள் தமிழில் ஏன் இரண்டு வரியாகிறது என்பதுதான் அவருடைய நிரந்தரக் கேள்வி. எனக்கும் பதில் தெரியாது. சுருக்கிக் கொடுப்பேன். திரும்ப வட்டம் போடுவார். பதினெட்டுப் பக்கக் கையேட்டுக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம் போனது. அந்த ஆறு கிழமையில் நான் கண்ட கனவெல்லாம் திருகாணியும் பெல்ட்டும்தான்.

பிழை நடந்தது பதினோராம் பக்கத்தில். அதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி என்று அந்தப் பக்கம் சொல்லும். ஐந்தாவது படி, சுவிட்சை அணையுங்கள். ஆறாவது, மூடியின் இரண்டு திருகுகளையும் கழற்றி மூடியைத் திறங்கள். ஏழாவது, சல்லடையைக் கையால் வெளியே இழுங்கள். சிங்களப் புத்தகத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு கட்டம் இருக்கும். சுவிட்சை அணைத்த பின்பும் உள்ளே அரைக்கும் இரும்புச் சில்லு இரண்டு மூன்று நிமிடம் சுற்றும், அது முழுதாக நிற்கும்வரை மூடியைத் திறக்க வேண்டாம் என்று ஓர் எச்சரிக்கை.

தமிழ் நீண்டுபோனதால் அந்தக் கட்டம் பதினோராம் பக்கத்தில் இருந்தால் ஆறும் ஏழும் படங்களோடு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். பக்கத்தின் அடியில் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. அச்சகத்தில் அப்படி ஒரு பக்கத்தை முதலாளியிடம் கொண்டுபோனால் தாளை என் மேசையில் வீசிவிட்டுப் போவார். பதினைந்து வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? ஆறையும் ஏழையும் பதினோராம் பக்கத்திலேயே நிறுத்தி, கட்டத்தைத் தூக்கிப் பன்னிரண்டாம் பக்கத்தின் தலையில் அழகாக வைத்தேன். இரண்டு பக்கமும் கச்சிதமாக அமைந்தன. எச்சரிக்கை புத்தகத்தில் இருக்கிறது, வாசிக்கிறவர் பக்கத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிக்கூட நினைக்கவில்லை. பக்கம் வடிவாக இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தேன். அன்றைக்கு இஞ்சினியர் வட்டம் எதுவும் போடவில்லை. அவர் எண்ணிப் பார்த்தது கட்டங்களின் எண்ணிக்கையை. அது சரியாக இருந்தது.

புத்தகம் அச்சாகி வந்தது. முதல் தொகுதி ஒன்பது இடங்களுக்குப் போனது. எட்டுப் பிரதிகளைத் தபாலில் போட்டோம். அக்குறணை பக்கத்தில்தானே இருக்கிறது, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, ஆட்களுக்கு விளங்குகிறதா என்று பார்த்து வாருங்கள் என்று இஞ்சினியர் என்னை அனுப்பினார். நான் எழுதியதை ஒருவர் வாசிப்பதைப் பார்க்கப் போகிறேன் என்று அன்று எனக்குக் கொஞ்சம் உற்சாகம்கூட இருந்தது. அந்த மூன்று மாதத்தில் அப்படி இருந்த ஒரே நாள் அதுதான்.

முந்தின நாள் மழையில் கடைவீதியில் தண்ணீர் ஏறி வடிந்திருந்தது. சேற்றில் கால் வைத்து வைத்து அந்த மசாலாக் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் ஒரு ஹாஜியார். கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்கு அழைத்துப்போய்விட்டு, சாமான் வாங்க ஆள் வந்ததும் முன்பக்கம் போய்விட்டார். உள்ளே இரண்டு இயந்திரங்கள். பழையதில் மஞ்சள் அரைபட்டுக்கொண்டிருந்தது. எங்களுடைய புதியதில் மிளகாய். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. வேலை செய்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அங்கே அக்காவைக் கூப்பிடுவதுபோல அவரை நான் ராத்தா என்று கூப்பிட்டேன். மற்றவர் அவருடைய தம்பியின் மனைவி. ராத்தா அவரை மச்சி என்பார், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

மிளகாய் எண்ணெய்ப்பிடிப்பாக இருந்ததால் சல்லடை அடைத்துக்கொண்டிருந்தது. இயந்திரம் பூட்டிக் கொடுத்தவர்கள் ஓட்டக் காட்டிக் கொடுத்திருந்தார்கள், கழற்றக் காட்டவில்லை. சரியான நேரத்தில் புத்தகம் வந்தது என்று இருவருக்கும் சந்தோஷம். நான் புத்தகத்தை ராத்தாவிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

“எனக்கு எழுத்து வராது மிஸ். இவ வாசிச்சுச் செல்லுவா, நான் செய்வன்.”

எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. ஆறு கிழமை நான் மனதில் வைத்து எழுதிய ஆள் ஒருவர். அவர் கதிரையில் உட்கார்ந்து பக்கத்தை மேலிருந்து கீழே முழுதாக வாசித்து, திருப்பி, அடுத்ததையும் வாசித்துவிட்டு, பிறகு எழுந்து போய் வேலை செய்வார். என்னைப் போல ஓர் ஆள். இங்கே கண் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. மச்சி ஒரு வரியைச் சத்தம் போட்டு வாசிப்பார், ராத்தா அதைச் செய்துவிட்டுத் தலையை ஆட்டுவார், மச்சி அடுத்த வரிக்குப் போவார். சமையல் குறிப்பிலிருந்து மருந்துப் போத்தல் வரைக்கும் அவர்கள் வீட்டில் அப்படித்தானாம். இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி வேலை செய்தார்கள். நான் ஓரமாக நின்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வரி. ராத்தா சுவிட்சை அணைத்தார். பழைய இயந்திரம் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறாவது வரி. திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்புப் புழுதி. சில்லு சுற்றுகிறதா, நிற்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது வரியையும் மச்சி வாசித்தார், சல்லடையைக் கையால் வெளியே இழுங்கள். அத்தோடு பக்கம் முடிந்தது. மச்சி பக்கத்தைத் திருப்பப் பார்த்தார். புதுப் புத்தகம், இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. விரலெல்லாம் மிளகாய்த்தூள், நாக்கில் வைத்து நனைத்துத் திருப்பவும் முடியாது. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அடுத்த பக்கத்தின் தலையில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. கால் நகரவில்லை. ராத்தாவின் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போய்விட்டது.

போன வேகத்தில் வெளியே வந்தது. சல்லடை சுட்டிருக்கிறது. அரைத்து அரைத்து இரும்பு கொதித்துப்போய் இருந்தது, நான் அதையும் எழுதவில்லை. ராத்தா விரலை ஊதிக்கொண்டு, மிளகாய் அள்ளும் மர அகப்பையை எடுத்து, அதன் காம்பைச் சல்லடைக்குள் விட்டு நெம்பினார். டக்கென்று ஒரு சத்தம், அந்த இரைச்சலையும் மீறிக் கேட்டது. காம்பில் பாதியைக் காணோம். மீதி அவர் கையில் இருந்தது, நுனி நார் நாராகக் கிழிந்து.

யாரோ பழைய இயந்திரத்தை அணைத்தார்கள். நானாகவும் இருக்கலாம். அந்த அமைதியில் மச்சி, தாள் பிரிந்த கையோடு, நடந்தது விளங்காமல் பன்னிரண்டாம் பக்கத்தை வாசிக்கத் தொடங்கியிருந்தார். எச்சரிக்கை என்று தொடங்கி, சில்லு முழுதாக நிற்கும்வரை மூடியைத் திறக்க வேண்டாம் என்று முடித்தார். முடித்த பிறகுதான் ராத்தாவின் கையைப் பார்த்தார்.

மச்சி அழுதார். தான் மெதுவாக வாசித்ததால் வந்த வினை என்றார். ராத்தா அழவில்லை. என்னைப் பார்த்து, “மிசின்ட பிழையில்ல மிஸ். என்ட அவசரம்” என்றார். எனக்கு அவர் சமாதானம் சொன்னார். நான் தலையாட்டினேன். இந்த இடத்தைச் சொல்லும்போது இன்றும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது. தலையாட்டினேன். அவர்கள் கொடுத்த பிளேன்டீயையும் குடித்தேன். புத்தகம் கிடைத்தது என்று ஹாஜியாரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை கந்தோரில் எல்லாம் சரியா என்று இஞ்சினியர் கேட்டார். விளங்குகிறது என்றேன். சொன்னால் வேலை போகும். தகுதிகாண் காலத்தில் இருப்பவளை அனுப்ப ஒரு கடிதம் போதும். திரும்ப நாலு மாதம் விளம்பரம் பார்த்து உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்று நினைத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அடுத்த அச்சில் திருத்திக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். சனி, ஞாயிறு வீட்டில் எந்த வேலையும் ஓடவில்லை. தேங்காய் துருவும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தபாலில் போன எட்டுப் புத்தகங்களில் எத்தனை பிரிக்கப்பட்டிருக்கும், எத்தனை பேர் இப்போது ஏழாவது வரியில் நிற்பார்கள்? அந்த எல்லா இடத்திலும் கையில் ஓர் அகப்பை இருக்குமா?

திங்கட்கிழமை காலை போனவுடன் சொல்லிவிட்டேன். இரண்டு புத்தகங்களையும் மேசையில் விரித்துக் காட்டினேன். இஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யாருக்காவது காயமா என்று கேட்டார். இல்லை என்றேன். கட்டத்தை ஏன் நகர்த்தினீர்கள் என்றார். பக்கம் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று நகர்த்தினேன் என்றேன். அதைச் சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கோபப்படவில்லை. “தமிழ் வாசிக்கத் தெரியாத நான் கட்டங்களை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டேனே” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எட்டு இடங்களுக்கும் தொலைபேசி எடுத்து, சுத்தம் செய்வதை நிறுத்தி வைக்கச் சொன்னார். திருத்திய தாளை அச்சடித்து நானே ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும் என்பது முடிவு. தகுதிகாண் காலத்தையும் மூன்று மாதம் கூட்டினார்கள். அனுப்பாமல் விட்டார்களே என்று இருந்தது.

அக்குறணைக்கு அவர் தொலைபேசி எடுக்கவில்லை. பக்கத்தில்தானே, நீங்கள் நாளைக்கே போய்விடுவீர்கள்தானே என்றார். நானும் ஆம் என்றேன்.

பசைப் போத்தலும் கத்தரிக்கோலும் பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். ஹேவாஹெட்டவுக்கு மேலே ஒரு தோட்டத்துக் கூட்டுறவுக் கடைக்குப் போக மூன்று பஸ் மாறினேன். ஓரிடத்தில் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு ஊருக்குப் போயிருந்தார்கள், திரும்ப ஒரு முறை போனேன். ஓரிடத்தில் தபாலில் வந்த உறையையே பிரிக்கவில்லை. போன இடமெல்லாம் பழைய கட்டத்தை வெட்டி, புதிய தாளை ஒட்டி, அந்த இயந்திரத்தில் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு வாயாலும் சொல்லிவிட்டு வந்தேன். பாதம் வீங்கி, இரவில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே தூங்கிப்போவேன். எட்டும் முடிந்தன. மிக அருகில் இருந்த அக்குறணை மட்டும் பாக்கி. அவர்களுக்குத்தான் விஷயம் தெரியுமே, இனிமேல் கவனமாக இருப்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவது கிழமையில்தான் போனேன். கொட்டகையில் புது இயந்திரம் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. பழையதில் மச்சி தனியாக மல்லி அரைத்துக்கொண்டிருந்தார். ராத்தா கொட்டகைக்கு வெளியே, மரத்தடியில், சாக்கில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரியாத ஆளுக்கு மிசின் வேலை சரிவராது என்று ஹாஜியார் மாற்றிவிட்டாராம். ஏழு வருடமாக அந்தக் கொட்டகையில் மிசின் வேலை பார்த்தவர் அவர். அதைச் சொல்லும்போதுகூட அவர் ஹாஜியாரைக் குறை சொல்லவில்லை, அவர் சொன்னது நியாயம்தானே என்றார்.

நான் சேற்றிலேயே அவர் பக்கத்தில் குந்தினேன். பையிலிருந்து பழைய தாளையும் புதிய தாளையும் எடுத்தேன். அவருக்கு வாசிக்க வராது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மச்சியைக் கூப்பிட்டேன். இருவரையும் வைத்துக்கொண்டு, “ராத்தா, அது உங்க அவசரம் இல்ல. இவங்க மெதுவா வாசிச்சதும் இல்ல. முன்னாடி வர வேண்டியத நான்தான் பின்னாடி கொண்டுபோய் வச்சேன். பிழை என்னோடது” என்றேன்.

மச்சி இரண்டு தாளையும் வாங்கி வாசித்தார். முதலில் பழையது, பிறகு புதியது, இரண்டையும் சத்தமாக. ராத்தா மிளகாயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடிந்ததும் மடியில் கிடந்த காம்புகளைத் தட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அண்டைக்கே செல்லிருக்கலாமே மிஸ்” என்றார். “மூணு கிழமையா நான் இவளோட முகம் குடுத்துப் பேசல்ல.”

ஒரு வீட்டில் கண்ணும் கையுமாக இருந்த இரண்டு பேர். ஒருவர் தன் அவசரம் என்று வாயால் சொல்லிவிட்டு, மனதுக்குள் மற்றவரின் மெதுவான வாசிப்பைக் குறைப்பட்டிருக்கிறார். மற்றவர் அதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு எதையுமே வாசித்துச் சொல்லவில்லையாம். ராத்தா தன் பிரஷர் மருந்துப் போத்தலைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுத்தான் குடித்திருக்கிறார். எல்லாம் நான் பிளேன்டீ குடித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு வந்ததால். கட்டத்தை நகர்த்தியது தெரியாமல் செய்தது. வாயை மூடிக்கொண்டு வந்தது தெரிந்தே செய்தது.

ஹாஜியாரிடம் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கம்பனிக்காரியே பிழை என்று ஒத்துக்கொள்வதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது, இரண்டு முறை திருப்பிக் கேட்டார். அன்று பகல் இயந்திரத்தின் மேலிருந்த சாக்கை எடுத்தார்கள். மச்சி புதிய தாளை வாசித்தார். எச்சரிக்கை வந்ததும் ராத்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருவரும் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் நின்றார்கள், நானும் நின்றேன். அந்த ஐந்து நிமிடத்தில் மச்சி எதையோ மெதுவாகச் சொன்னார், ராத்தா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். அதே பஸ், அதே களைப்பு. எழுதுவதை இப்போது யாரையாவது வாசிக்கச் சொல்லி, என் கையை இயந்திரத்தில் வைத்துச் செய்து பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை. கந்தோரில் புதுப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என் புத்தகங்களில் இப்போது அங்கங்கே பக்கத்தின் அடியில் வெறும் வெள்ளை கிடக்கும். அச்சக முதலாளி பார்த்தால் வீசியெறிவார். ஆனால் ஒவ்வொரு பக்கமும் முடியும் இடத்தில், இதை யாரோ ஒருவர் வாசித்துச் சொல்ல, இந்த நொடியில் இன்னொருவருடைய கை எங்கே இருக்கும் என்று கேட்டுக்கொள்ளாமல் அடுத்த பக்கத்துக்குப் போக என்னால் முடிவதில்லை.